ஒரே பெயரா, ஒரே ஆளா?
பொருளுணர் வலையும் நமது பெயரேடும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பெயரேட்டுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டை முன்னிட்டு இப்பாடசாலையில் கற்ற மாணவியர் எல்லோரையும் ஒரே ஏட்டில் சேர்க்க வேண்டும் என்று சங்கப் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். அந்தப் பணியை ஏற்ற எங்கள் குழுவில் நூலகர்கள் இருக்கிறார்கள், கணினித் துறையில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவரும் இருக்கிறார். கேட்கும்போது இலகுவான வேலை போலத்தான் தோன்றும். கொழும்புக் கிளையிடம் ஒரு பட்டியல், லண்டன் கிளையிடம் ஒன்று, ரொறன்ரோவிடம் ஒன்று, சிட்னியிடம் ஒன்று, பாடசாலை அலுவலகத்தில் எஞ்சியிருக்கும் சேர்வு இடாப்புகள் சில. எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிட்டால் சரிதானே என்று பலரும் எங்களிடம் கேட்டார்கள்.

ஒட்டுவது கணினிக்கு ஒரு நிமிட வேலை. ஒட்டிய பின்பு கையில் இருப்பது என்ன என்பதுதான் கேள்வி. இதே கேள்வியை உலகின் பெரிய ஆய்வுகூடங்களும் நூலகங்களும் வைத்தியசாலைகளும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்றன. அவை கண்ட விடைகளில் நமக்கு உதவக்கூடியவை எவை என்பதையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

பொருளுணர் வலை என்பது என்ன?

1989ஆம் ஆண்டில் ஜெனீவாவுக்கு அருகே உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ என்பவர் முன்வைத்த யோசனையிலிருந்து உலகளாவிய வலை பிறந்தது. ஓர் ஆவணத்திலிருந்து இன்னோர் ஆவணத்துக்குச் செல்ல இணைப்புகள் இருந்தன. ஆனால் அந்த ஆவணத்தில் எழுதியிருப்பது ஒரு பெண்ணின் பெயரா, ஒரு ஊரின் பெயரா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. வாசிக்கும் மனிதருக்குத்தான் தெரியும்.

2001ஆம் ஆண்டு மே மாதத்தில் பேர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹென்ட்லர், ஓரா லசிலா ஆகிய மூவரும் ‘சயன்ரிபிக் அமெரிக்கன்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, பொருளை இயந்திரமும் கையாளக்கூடிய ஒரு வலையைப் பற்றிப் பேசியது. அதனைப் பொருளுணர் வலை எனலாம். அதன் அடிப்படை மிக எளியது. எந்தச் செய்தியையும் மூன்று துண்டுகளாகச் சொல்ல வேண்டும்: யார் அல்லது எது, என்ன உறவு, எதனோடு. எடுத்துக்காட்டுக்குச் செல்வராணி என்றொரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். ‘செல்வராணி – கற்ற இடம் – நமது பாடசாலை’ என்பது ஒரு கூற்று. ‘செல்வராணி – விடுகை ஆண்டு – 1968’ என்பது இன்னொரு கூற்று. பொருள்களுக்கும் உறவுகளுக்கும் வலையில் தனி முகவரி உண்டு. இப்படி எழுதும் முறைக்கு ஆர்.டி.எப். என்று பெயர். 1999இல் அது உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரையாக வெளிவந்தது.

கூற்றுகள் மட்டும் போதாது. ‘கற்ற இடம்’ என்றால் என்ன, யாருக்கு அது பொருந்தும், ‘மாணவி’ என்பவர் ‘மனிதர்’ என்ற பெரிய வகையில் அடங்குவாரா என்றெல்லாம் முன்கூட்டியே வரையறுத்து எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதிய வகைகளும் உறவுகளும் விதிகளும் சேர்ந்ததே ஒன்ரோலொஜி. தமிழில் நாங்கள் அதனைக் கருத்தமைவு என்று அழைக்கிறோம். அதனை எழுதுவதற்கான ஓ.டபிள்யு.எல். என்ற மொழி 2004இல் பரிந்துரையாக வந்தது. வைன் வகைகளையும் உணவையும் எடுத்துக்காட்டாக வைத்து, கருத்தமைவு ஒன்றைப் படிப்படியாக அமைப்பது எப்படி என்று 2001இல் ஒரு வழிகாட்டி வெளியானது. இத்துறைக்கு வரும் மாணவர்கள் இன்றும் அதிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அதை எழுதியவர்கள் நற்றாஷா நோய், டெபோரா மக்கினெஸ் என்ற இரு பெண்கள். தங்கைமார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்தமைவு

எல்லோரும் ஒரே கருத்தமைவைப் பயன்படுத்தினால் சிக்கல் இல்லை. அது நடப்பதில்லை, நடக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் தேவைக்கு ஏற்ப உலகத்தைப் பெட்டிகளாகப் பிரிக்கிறது. மொழிகளும் அப்படித்தான்.

ஆங்கிலத்தில் ‘சிஸ்டர்’ என்று ஒரு பெட்டி. நமக்கு அக்கா ஒரு பெட்டி, தங்கை ஒரு பெட்டி. ஆங்கிலப் பெட்டி பெரியது, நமது இரண்டும் அதற்குள் அடங்கும். இது பரவாயில்லை. ‘கசின்’ என்ற பெட்டிக்கு வந்தால் கதை வேறு. பெரியப்பாவின் மகளும் சின்னம்மாவின் மகளும் நமக்கு அக்கா அல்லது தங்கை. மாமாவின் மகளும் மாமியின் மகளும் மச்சாள். ஆகவே கசின் என்ற பெட்டியில் சிலர் நமது அக்கா தங்கைப் பெட்டியில் இருக்கிறார்கள், வேறு சிலர் மச்சாள் பெட்டியில் இருக்கிறார்கள். ஒரு பெட்டி மற்றதற்குள் அடங்கவும் இல்லை, இரண்டும் ஒன்றாகவும் இல்லை. எல்லைக்கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அதுபோலவே ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்று ஒரு சொல் நிற்கும் இடத்தில் வயலில் நெல்லும் கடையில் அரிசியும் கோப்பையில் சோறும் நமக்கு வெவ்வேறு. விளைச்சல் பற்றிய பட்டியலையும் உணவு பற்றிய பட்டியலையும் இச்சொல்லை நம்பிச் சேர்த்தால் கணக்குப் பிழைக்கும்.

இப்படி இரண்டு கருத்தமைவுகளை அருகருகே வைத்து, இதிலுள்ள எந்தக் கருத்து அதிலுள்ள எந்தக் கருத்துக்கு ஒப்பானது, எது எதற்குள் அடங்குவது, எது எதற்கு நெருங்கியது என்று கண்டு எழுதுவதையே கருத்தமைவுப் பொருத்தம் என்கிறார்கள். நம்மவர் கலியாணப் பொருத்தத்தில் பல பொருத்தங்களைத் தனித்தனியாகப் பார்ப்பது போல, இங்கும் ஒரே ஒரு பொருத்தத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை.

பொருந்தாமல் விட்டால் என்ன ஆகும்? 1999 செப்ரெம்பரில் நாசாவின் ‘மார்ஸ் கிளைமற் ஓர்பிற்றர்’ என்ற விண்கலம் செவ்வாயை அடைந்த வேளையில் இழக்கப்பட்டது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை இறாத்தல் அலகில் கொடுத்தது. அதை வாங்கிய மற்றக் குழு அது நியூட்டன் அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ நாலரை மடங்கு வித்தியாசம். எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன, அவற்றின் பொருள் போய்ச் சேரவில்லை.

நன்றாக நடந்ததற்கும் ஒரு சான்று உண்டு. 1998இல் பழ ஈ, மதுவம், சுண்டெலி ஆகிய மூன்று உயிரிகளின் மரபணுத் தரவுத்தளங்களைப் பராமரித்தவர்கள் ஒன்றுகூடினார்கள். ஒரே தொழிலைச் செய்யும் மரபணுவுக்கு ஒவ்வொரு தளத்திலும் வெவ்வேறு விவரணம் எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில் ‘மொழிபெயர்ப்பு’ என்று இருக்கும், இன்னோரிடத்தில் ‘புரதத் தொகுப்பு’ என்று இருக்கும். உயிரியல் படித்த சகோதரிகளுக்குத் தெரியும், அங்கே இரண்டும் ஒரே காரியத்தைக் குறிப்பவை. கணினிக்கு அது தெரியாது. ஆகவே எல்லாத் தளங்களும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொற்றொகுதி ஒன்றை அமைத்தார்கள். அதுதான் ‘ஜீன் ஒன்ரோலொஜி’. மைக்கல் ஆஷ்பேர்ணருடன் சேர்ந்து அதைத் தொடங்கியவர்களில் சுசானா லூயிஸ், ஜூடித் பிளேக் என்ற இரு பெண் அறிஞர்களும் இருந்தார்கள். இன்று மனித மரபணு ஆய்விலும் அது நாளாந்தக் கருவியாக இருக்கிறது.

இயந்திரம் எப்படிப் பொருத்துகிறது?

இதற்கெனப் பல மென்பொருள்கள் உண்டு. அவை பெரும்பாலும் நான்கு வழிகளைக் கலந்து பயன்படுத்துகின்றன.

முதலாவது, பெயரைப் பார்ப்பது. இரண்டு சொற்களுக்கு இடையில் எத்தனை எழுத்துகளை மாற்றினால் ஒன்று மற்றதாகும் என்று எண்ணுவார்கள். இரண்டாவது, இருப்பிடத்தைப் பார்ப்பது. ஒரு கருத்தின் மேலே உள்ள வகையும் கீழே உள்ள வகைகளும் பொருந்தினால் நடுவில் உள்ளதும் பொருந்தக்கூடும். மூன்றாவது, உள்ளே இருப்பவற்றைப் பார்ப்பது. இரண்டு பெட்டிகளிலும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் இருந்தால் பெட்டிகளும் ஒன்றாக இருக்கலாம். நான்காவது, அகராதி போன்ற மூன்றாவது மூலம் ஒன்றைக் கேட்பது. இவற்றின் பின் விதிகளைக் கொண்டு சரிபார்க்கும் மென்பொருள் ஒன்று வந்து, முரண்பாடு வருகிறதா என்று பார்க்கும். ஒருவருக்கு இரண்டு பிறந்த திகதி இருக்க முடியாது என்று விதி எழுதியிருந்தால், அப்படி வரும் பொருத்தத்தை அது பிடித்துக் கொடுக்கும்.

இம்மென்பொருள்களுக்கு 2004 முதல் ஆண்டுதோறும் ஒரு பரீட்சை நடக்கிறது. அதன் நீண்டகால வினாக்களில் ஒன்று சுண்டெலியின் உடற்கூற்றையும் மனிதரின் உடற்கூற்றையும் பொருத்துவது. சுண்டெலிப் பக்கம் 2,744 கருத்துகள், மனிதப் பக்கம் 3,304 கருத்துகள். அறிஞர்கள் சரிபார்த்த விடைத்தாளில் ஏறத்தாழ 1,500 பொருத்தங்கள் உள்ளன. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்தால் மட்டும் சேர்ப்பது என்று வைத்தால், சேர்த்தவற்றில் பிழை அநேகமாக இல்லை. ஆனால் சேர வேண்டிய பத்தில் ஆறைத்தான் பிடிக்க முடிகிறது. மீதி நான்கு விடுபட்டுவிடுகின்றன. விடுபடக்கூடாது என்று பிடியைத் தளர்த்தினால், சேரக்கூடாதவையும் வந்து சேருகின்றன. நல்ல மென்பொருள்கள் இரண்டுக்கும் நடுவே நின்று நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெறுகின்றன. நூற்றுக்கு நூறு யாரும் பெறுவதில்லை.

உடற்கூற்றுச் சொற்களில் எஞ்சும் பத்தை ஒரு நிபுணர் இருந்து திருத்தலாம். நமது ஏட்டில் எஞ்சும் பத்தும் மனிதர்கள்.

நமது பட்டியல்களுக்கு வருவோம்

எங்கள் கைக்கு வந்த பட்டியல்களில் ‘ஆண்டு’ என்ற நிரல் எல்லாவற்றிலும் இருந்தது. ஒன்றில் அது பாடசாலையில் சேர்ந்த ஆண்டு. இன்னொன்றில் விடுகைப் பத்திரம் பெற்ற ஆண்டு. வேறொன்றில் சங்கத்தில் சந்தா கட்டிச் சேர்ந்த ஆண்டு. நிரலின் தலைப்பு ஒன்று, பொருள் மூன்று. தலைப்பை நம்பி ஒட்டியிருந்தால் ஐம்பது வயதில் முதலாம் வகுப்பில் சேர்ந்த மாணவியர் பலர் நமக்குக் கிடைத்திருப்பார்கள்.

அடுத்தது பரீட்சை. மூத்த சகோதரிகள் எஸ்.எஸ்.சி. எழுதினார்கள். பின்பு க.பொ.த. சாதாரண தரம் வந்தது. 1970களின் நடுப்பகுதியில் அதன் இடத்தில் ஒன்பதாம் தரத்தில் என்.சி.ஜி.ஈ. வந்தது. சில ஆண்டுகளில் சாதாரண தரம் திரும்பி வந்தது. இந்த மூன்றும் ஒன்றா? உத்தியோகத்துக்கு விண்ணப்பித்தபோது ஒன்றுக்கொன்று ஈடாக எடுத்திருக்கலாம். எத்தனை ஆண்டு படித்த பின் எழுதினார்கள் என்று கணக்கெடுத்தால் ஒன்றல்ல. இப்படிப்பட்ட இடத்துக்கு ‘ஒன்றே’ என்ற உறவும் பொருந்தாது, ‘வேறு’ என்ற உறவும் பொருந்தாது. 2009இல் பரிந்துரையாக வந்த ஸ்கோஸ் என்ற முறை இதற்கென்றே சில உறவுகளைத் தருகிறது: சரியாகப் பொருந்துவது, நெருங்கிப் பொருந்துவது, அதைவிட விரிந்தது, அதைவிடக் குறுகியது, தொடர்புடையது. என்.சி.ஜி.ஈ.யையும் சாதாரண தரத்தையும் நாங்கள் ‘நெருங்கிப் பொருந்துவது’ என்று குறித்தோம். இந்த உறவில் ஒரு பாதுகாப்பு உண்டு. அ, ஆவுக்கு நெருங்கியது. ஆ, இக்கு நெருங்கியது. ஆகவே அ, இக்கு நெருங்கியது என்று இயந்திரம் தானாக முடிவுகட்டாது.

இவையெல்லாம் நிரல்களைப் பற்றியவை. பெரிய சிக்கல் பெயர்களில்தான் இருக்கிறது.

மேல்நாட்டார் அமைத்த கருத்தமைவுகள் பலவற்றில் மனிதருக்கு ‘குடும்பப் பெயர்’ என்று ஓர் இடம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. முன்னால் நிற்பது தகப்பனின் பெயர் அல்லது அதன் முதலெழுத்து. கலியாணத்தின் பின் பலர் அந்த இடத்தில் கணவரின் பெயரை வைத்துக்கொள்கிறார்கள். சிலர் வைத்துக்கொள்வதில்லை. நாம் கற்பனை செய்த செல்வராணி சேர்வு இடாப்பில் தகப்பன் பெயரோடு இருக்கிறார், லண்டன் பட்டியலில் கணவர் பெயரோடு இருக்கிறார், ரொறன்ரோவில் இருக்கும் வகுப்புத் தோழி எழுதிக் கொடுத்த குறிப்பில் வெறும் ‘ராணி’யாக இருக்கிறார். கடவுச்சீட்டில் அவருடைய பெயர் ஆங்கிலத்தில் எஸ் எழுத்தில் தொடங்கலாம், சி-எச் என்றும் தொடங்கலாம். எழுத்துகளை எண்ணும் மென்பொருள் இவர்களை மூன்று பெண்கள் என்று சொல்லும். அண்ணன் தம்பியின் பெயர் எந்தப் பட்டியலிலும் பெரும்பாலும் மாறாமல் நிற்கும். பெயர் மாறுவதும் பட்டியலில் தொலைந்துபோவதும் பெண்களுக்குத்தான் அதிகம். பெண்கள் பாடசாலையின் ஏடு இதைக் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்?

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. அதே வீட்டில் செல்வராணிக்குச் செல்வமணி என்று ஒரு தங்கை. அதே முதலெழுத்து, அதே விலாசம், ஒரு வருட இடைவெளி, பெயரில் இரண்டொரு எழுத்து வித்தியாசம். மென்பொருளின் கண்ணுக்கு இது ஒருவரே, எழுதியவர் கைதவறி எழுதியிருக்கிறார் என்று தோன்றும். இருவரையும் ஒருவராக்கிவிட்டால் என்ன நடக்கும்? அக்கா காலமானபோது கிளை எழுதிய குறிப்பு தங்கையின் பெயருக்கும் போய்ச் சேரும். உயிரோடு இருக்கும் ஒரு சகோதரியை நமது நூற்றாண்டு ஏடு அமரர் பட்டியலில் அச்சிடும். அவருடைய பிள்ளைகள் அதை வாசிப்பார்கள். நம்மில் பலர் யுத்தத்தில் ஆட்களைத் தொலைத்துவிட்டு, பெயர்ப்பட்டியல்களைக் கையால் தடவித் தேடியவர்கள். ஒரு பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததும் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘இதுவும் அதுவும் ஒன்றே’

ஓ.டபிள்யு.எல். மொழியில் ‘சேம்-அஸ்’ என்றோர் உறவு உண்டு. இதுவும் அதுவும் ஒன்றே என்பது அதன் பொருள். அது மிகக் கண்டிப்பானது. ஒன்றைப் பற்றி எது உண்மையோ அது மற்றதைப் பற்றியும் உண்மையாகிவிடும். அ என்பவர் ஆ, ஆ என்பவர் இ என்றால், அ என்பவர் இ ஆகிவிடுவார். யாரும் நேரடியாக அப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

வலையில் பலர் இந்த உறவை ‘ஏறத்தாழ ஒன்று’, ‘தொடர்புடையது’ என்ற அளவில் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். விளைவு என்ன என்று ஆய்வாளர் குழு ஒன்று 2018இல் வெளியிட்டது. ஜோ ராட், வவுற்றர் பேக், நத்தலி பேர்னெல், பத்தியா சயிஸ் முதலானோர் அக்குழுவில் இருந்தார்கள். வலையிலிருந்து திரட்டிய 55 கோடிக்கு மேற்பட்ட ‘ஒன்றே’ கூற்றுகளைச் சங்கிலியாகக் கோத்துப் பார்த்தபோது, மிகப் பெரிய தொகுதி ஒன்றில் 177,794 பெயர்கள் ஒரே பொருளாகச் சேர்ந்து கிடந்தன. அல்பேட் ஐன்ஸ்ரைனும் பொலிவியாவும் டப்ளின் நகரமும் கொக்கா கோலாவும் அதற்குள் இருந்தன. விதிப்படி பார்த்தால் ஐன்ஸ்ரைன் ஒரு குளிர்பானம். சங்கிலியில் ஒரு பிழையான கண்ணி போதும், இரண்டு பக்கத்திலும் உள்ள எல்லாம் ஒன்றாகிவிடும்.

அவர்கள் இதைக் கண்டுபிடித்த வழியும் நமக்குப் பாடம். உண்மையிலேயே ஒன்றாக இருப்பவற்றுக்கிடையே பல இணைப்புகள் நெருக்கமாக ஓடும். இரண்டு நெருக்கமான கூட்டங்களுக்கு நடுவில் ஒற்றை இணைப்பு மட்டும் பாலமாக நின்றால், அந்தப் பாலத்தைச் சந்தேகிக்க வேண்டும். நமது ஏட்டிலும் ஒரே ஒரு சான்றினால் சேர்ந்த பெயர்களை நாங்கள் தனியே எடுத்துவைக்கிறோம்.

எங்கள் குழுவின் முன்மொழிவு

இவற்றையெல்லாம் கருதி, ஏட்டை அமைப்பதற்கு ஐந்து ஒழுங்குகளைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று. எந்தக் கிளையின் பட்டியலையும் அழிப்பதில்லை, திருத்தி எழுதுவதும் இல்லை. ஒவ்வொன்றும் தன் வடிவில் அப்படியே இருக்கட்டும். அவற்றுக்கு இடையிலான பொருத்தங்களைத் தனி ஏட்டில் எழுதுவோம். பொருத்தம் பிழையென்று நாளை தெரிந்தால் அந்த ஒரு வரியை எடுத்தால் போதும். மூலம் கெடாது.

இரண்டு. ஆளுக்கு அடையாளம் பெயர் அல்ல, இலக்கம். சேர்வு இடாப்பு கிடைத்தவர்களுக்குச் சேர்விலக்கமே அந்த அடையாளம். இடாப்பு அழிந்த ஆண்டுகளுக்குப் புதிய இலக்கம் கொடுப்போம். ஓர் இலக்கத்தின் கீழ்த் தகப்பன் பெயருடனான பெயர், கணவர் பெயருடனான பெயர், வீட்டுப் பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் என எத்தனையும் இருக்கலாம். எந்தப் பெயரால் தேடினாலும் அவர் கிடைக்க வேண்டும். தன்னை எந்தப் பெயரால் அச்சிட வேண்டும் என்று அவரே சொல்ல வேண்டும்.

மூன்று. பொருத்தத்துக்கு மூன்று படிகள்: ‘ஒருவரே’, ‘ஒருவராக இருக்கலாம்’, ‘உறவினர் அல்லது வகுப்புத் தோழி’. மென்பொருள் இரண்டாம் படி வரைதான் தரலாம். முதலாம் படிக்கு உயர்த்த இரண்டு மனிதர் வேண்டும். அவர்களில் ஒருவர் அதே காலத்தில் படித்தவராக இருக்க வேண்டும். அமரர் என்ற குறிப்பு ‘ஒருவரே’ என்று உறுதியான பின்பே ஒரு பதிவிலிருந்து மற்றதற்குச் செல்லும்.

நான்கு. ஒவ்வொரு பொருத்தத்துக்கும் பக்கத்தில் யார், எப்போது, எந்தச் சான்றைக் கொண்டு முடிவு செய்தார் என்று எழுதியிருக்க வேண்டும். எங்கள் குழு கலைந்த பின் வருபவர்கள் எங்களை நம்பத் தேவையில்லை, சான்றைப் பார்த்தாலே போதும்.

ஐந்து. விலாசம், தொலைபேசி இலக்கம், பிறந்த திகதி ஆகியவை வலைக்குப் போகாது. கருத்தமைவுகள் பொருந்தினால் தரவுகள் எளிதாக ஒன்றோடொன்று சேரும் என்பது உண்மை. அந்த எளிமைதான் ஆபத்தும். இங்கொரு திகதி, அங்கொரு விலாசம், வேறோரிடத்தில் மகனின் பெயர் என்று தனித்தனியே கிடந்தவை ஒன்றாகச் சேர்ந்தால், ஒருவர் மறைக்க விரும்பியது வெளியே வந்துவிடும். நமது சகோதரிகளில் சிலர் காரணத்தோடுதான் சொல்லாமல் போனவர்கள். அவர்களைத் தேடிப் பொருத்திக் காட்டுவது நமது வேலையல்ல.

வெளியுலகத்தோடு இணைப்பது

ஏட்டின் ஒரு பகுதியை வெளியுலகத்தோடு இணைக்கலாம், இணைக்கவும் வேண்டும். 2012இல் தொடங்கிய விக்கித்தரவு யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுத் தரவுத்தளம். ஒவ்வொரு பொருளுக்கும் அங்கே ஓர் இலக்கம் உண்டு. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர் வேறானாலும் இலக்கம் ஒன்றுதான். ‘கற்ற இடம்’ என்ற உறவும், ‘திருமணத்தின் பின்னான பெயர்’ என்ற உறவும் அங்கே தனித்தனியாக உள்ளன. பொதுவாழ்வில் அறியப்பட்ட எழுத்தாளர், வைத்தியர், கல்வியாளர் என்று நமது பாடசாலையில் கற்றவர்களை, அச்சான சான்று இருக்கும் அளவுக்கு, அங்கே பாடசாலையோடு இணைக்கலாம்.

2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துத் தமிழ் வெளியீடுகள் பல எண்ணிம வடிவில் இருக்கின்றன. பாடசாலை மலர்களும் அவற்றில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பழைய மலர் ஒன்றில் வலைப்பந்தாட்ட அணியின் பெயர்ப்பட்டியல் இருந்தால், அந்த மலரின் எண்ணையே நமது ஏட்டில் சான்றாகக் காட்டலாம். இடாப்பு இல்லாத ஆண்டுகளுக்கு அதுதான் நமக்குக் கிடைக்கும் சாட்சி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த நாட்டவர்கள் நாம். ஒரே இடத்தில் ஒரே பிரதி என்று எதையும் விடக்கூடாது என்பதை நாம் யாரிடமும் கற்கத் தேவையில்லை. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு கைகளில் பட்டியல்கள் இருப்பதும், அவற்றுக்கு இடையில் நம்பகமான பொருத்தங்கள் இருப்பதும் ஒரு காப்பு.

உங்களிடம் கேட்பது

இம்மலரை எந்த நாட்டில் இருந்து வாசித்தாலும், உங்களிடமிருந்து நான்கு விபரங்களை வேண்டுகிறோம். பாடசாலையில் இருந்த உங்கள் பெயர். இப்போதைய பெயர். விடுகைப் பத்திரம் கையில் இருந்தால் அதிலுள்ள சேர்விலக்கம். உங்கள் வகுப்பில் நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடிய மூன்று தோழியரின் அக்காலப் பெயர்கள். நான்காவதுதான் மிக முக்கியம். உங்களை நீங்கள் மறக்கமாட்டீர்கள். தொடர்பு விட்டுப்போன ஒருத்தியை, கிராமத்தைவிட்டு வெளியே போகாத ஒருத்தியை, சங்கத்தில் ஒருநாளும் சேராத ஒருத்தியை நீங்கள்தான் நினைவில் வைத்திருக்கிறீர்கள். அவருடைய பெயரை எந்த மென்பொருளும் தேடித் தராது. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒருவரைப் பொருத்த முடியாது.

உங்கள் கிளைச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்தால் போதும். பெயரேடு வெளியாகுமுன் உங்கள் பதிவு உங்களுக்கு அனுப்பப்படும். அதைப் பார்த்து, ‘இது நான்தான்’ என்று எழுதி அனுப்புங்கள். நாங்கள் அறிந்த பொருத்தங்கள் அனைத்திலும் உறுதியானது அந்த ஒரு வரிதான்.